அவுட்பாக்ஸிலேயே கிடக்கும் மெயில்: வருவது வருகிறது, போவது போகவில்லை

வாடிக்காரன் (மண்டபம்), செவ்வாய் இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்தில் கருவாட்டு வாடி வைத்திருக்கிறோம். நெத்திலி, வாளை, சூடை எல்லாம் சிப்பம் கட்டித் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் அனுப்புகிறோம். பில், எடைச்சீட்டு, சரக்கின் படம் எல்லாமே மெயிலில்தான் போகும். கடைப் பெயரில் சொந்த டொமைன், அதாவது இன்டர்நெட் முகவரி, இருக்கிறது. வாடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் அவுட்லுக்.

ஆறு நாளாக எந்த மெயிலும் வெளியே போகவில்லை. எனக்கு வருகிற மெயில் மட்டும் ஒழுங்காக வருகிறது. நான் அனுப்பினால் அவுட்பாக்ஸில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு நிமிடம் கழித்து, சர்வர் பதில் சொல்லவில்லை, நேரம் முடிந்துவிட்டது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஏதோ வருகிறது. பாஸ்வேர்டை மாற்றவில்லை. எதையும் தொடவில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன, சரக்கு வந்து குவிகிறது. இப்போது பார்த்து இப்படி. யாராவது வழி சொல்லுங்கள்.

மதுரைக்குப் போனவன், செவ்வாய் இரவு 9.31

ஆன்ட்டிவைரஸை எடுத்துவிடுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். எனக்கு இப்படித்தான் சரியானது.

உச்சிப்புளிக்காரன், செவ்வாய் இரவு 10.05

வாடிக்காரரே, விண்டோஸை அழிக்க வேண்டாம். பழைய பில் எல்லாம் அதில்தான் இருக்கும், அப்புறம் அழ வேண்டியது வரும்.

மெயில் போகவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் ஒன்றைத்தான் கேட்பேன்: எந்த ஊரில் நின்றது? நம் ஊரில் மெயில் என்றால் என் தாத்தாவுக்குப் போட் மெயில்தான். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடி வரை ரயிலில் போவார். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், பிறகு கொழும்புக்கு இன்னொரு ரயில். பயணி கொழும்புக்கு வந்து சேரவில்லை என்றால் எழும்பூரில் ஏறினாரா, தனுஷ்கோடியில் இறங்கினாரா, கப்பலில் ஏற்றினார்களா என்றுதான் ஒவ்வொன்றாக விசாரிப்பார்கள். எழும்பூர் ஸ்டேஷனை இடித்துக் கட்ட மாட்டார்கள்.

மெயிலும் அப்படித்தான் கைமாறிப் போகிறது. முதல் கட்டம், உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து உங்கள் கம்பெனி மெயில் சர்வருக்கு. இரண்டாவது, உங்கள் சர்வரிலிருந்து வாங்குகிறவரின் சர்வருக்கு. மூன்றாவது, அந்த சர்வரிலிருந்து அவருடைய இன்பாக்ஸுக்கோ ஸ்பாம் பெட்டிக்கோ. அவுட்பாக்ஸிலேயே கிடக்கிறது என்றால் முதல் கட்டமே தாண்டவில்லை. தூத்துக்குடிக்காரர் மேல் இப்போதைக்குச் சந்தேகப்பட வேண்டாம். மெயில் போய்விட்டு, மெயிலர் டீமன் என்ற பெயரில் ஒரு கடிதம் திரும்பி வந்தால் இரண்டாவது கட்டத்தில் தடை. போனதாகவும் காட்டுகிறது, திரும்பியும் வரவில்லை, அவர் மட்டும் வரவில்லை என்கிறார் என்றால் மூன்றாவதைப் பார்க்கலாம்.

வருகிற மெயில் நன்றாக வருகிறதே என்று குழம்ப வேண்டாம். வருவதற்கு ஒரு வாசல், போவதற்கு வேறு வாசல். எடுக்கிற வேலையைப் பாப் அல்லது ஐமாப் செய்கிறது, அனுப்புகிற வேலையை எஸ்எம்டிபி செய்கிறது. ஒன்று திறந்திருந்தால் இன்னொன்றும் திறந்திருக்கும் என்று அர்த்தம் இல்லை.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். அவுட்லுக்கின் கணக்கு அமைப்பில் வெளியே போகும் சர்வருக்கு எதிரே என்ன போர்ட் எண், அதாவது வாசல் எண், இருக்கிறது? சமீபத்தில் இன்டர்நெட் லைனை மாற்றினீர்களா?

வாடிக்காரன் (மண்டபம்), செவ்வாய் இரவு 10.40

போர்ட் 25 என்று இருக்கிறது. உள்ளே வருவதற்கு 110.

லைன் மாற்றினோம். தடைக்காலத்தில், மே மாதம், பழைய கம்பி லைனை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டோம். ஆனால் அது முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதே, அண்ணே. கோளாறு ஆறு நாளாகத்தானே இருக்கிறது?

உச்சிப்புளிக்காரன், செவ்வாய் இரவு 10.52

அந்த ஒரு மாதத்தில் எத்தனை மெயில் அனுப்பினீர்கள்?

வாடிக்காரன் (மண்டபம்), செவ்வாய் இரவு 10.58

ஒன்றுகூட இல்லை. தடைக்காலம் 61 நாளும் சரக்கே இல்லையே. புரிகிறது.

ராம்நாட் பிரவுசிங், புதன் காலை 8.20

கிடைத்துவிட்டதே! இது 25-ஆம் போர்ட் அடைப்பு. என் கடைக்கு மாதத்துக்கு ஒருவராவது இதோடு வருகிறார்கள்.

25 என்பது சர்வரும் சர்வரும் பேசிக்கொள்வதற்கான வழி. எஸ்எம்டிபி 1982-இல் வந்தபோது எல்லோரும் அதையே பயன்படுத்தினார்கள். பிறகு வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள், அவற்றின் சொந்தக்காரருக்கே தெரியாமல், அந்த வழியாக நேராக ஸ்பாம் அனுப்பத் தொடங்கின. அதனால் லைன் கொடுக்கிற பல கம்பெனிகள் வீட்டு இணைப்பு, சிறு கடை இணைப்புகளில் 25-ஐ வெளியே போக விடாமல் அடைத்துவிட்டன. உங்கள் பழைய லைனில் அடைக்காமல் விட்டிருப்பார்கள், புதியதில் அடைத்திருப்பார்கள். அவர்களிடம் சண்டை போட வேண்டாம், அந்த அடைப்பு நல்லதற்குத்தான்.

நம்மைப் போன்றவர்கள் மெயிலை ஒப்படைக்கத் தனி வாசல் இருக்கிறது: 587, இல்லையென்றால் 465. 587-இல் சாதாரணப் பேச்சாகத் தொடங்கி நடுவில் ரகசியப் பூட்டுக்கு மாறும், அதற்கு ஸ்டார்ட் டிஎல்எஸ் என்று பெயர். 465-இல் முதல் எழுத்திலிருந்தே பூட்டுதான். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இன்டர்நெட் விதிமுறை ஆவணம் இந்த இரண்டாவதையே முதலில் பயன்படுத்தச் சொல்கிறது. உங்கள் ஹோஸ்டிங், அதாவது உங்கள் மெயில் சர்வரை நடத்தித் தருகிற கம்பெனி, எதைக் கொடுத்தாலும் சரி.

அவுட்லுக்கில் கணக்கு அமைப்புக்குள் கூடுதல் அமைப்புகள் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் வெளியே போகும் சர்வர் பக்கத்தில், அனுப்புவதற்கும் பெயர், பாஸ்வேர்ட் வேண்டும் என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். பலர் போர்ட்டை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுவார்கள். அப்போது 530 அல்லது 550 என்று ஒரு மறுப்பு வரும், இங்கே வந்து புதிதாக ஒரு இழை தொடங்குவார்கள்.

பாம்பன் கிழக்கு, புதன் காலை 9.02

மாற்றுவதற்கு முன்னால் சோதித்துப் பார்த்தால் மனசு தெளியும். விண்டோஸின் கூடுதல் வசதிகள் பட்டியலில் டெல்நெட் என்பதை இயக்குங்கள், அது தானாக இருக்காது. பிறகு கமாண்ட் ப்ராம்ப்ட் என்கிற கருப்புத் திரையைத் திறந்து, டெல்நெட் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி, உங்கள் மெயில் சர்வரின் பெயர், இன்னோர் இடைவெளி, 25 என்று கொடுங்கள். ஒன்றும் நடக்காமல் வெறுமனே காத்திருந்தால் வழி அடைபட்டிருக்கிறது. அதையே 587 போட்டுச் செய்யுங்கள். 220 என்ற எண்ணோடு ஒரு வரி வந்தால் சர்வர் வணக்கம் சொல்கிறது என்று அர்த்தம். 465-இல் இந்தச் சோதனை செய்யாதீர்கள், அது பூட்டிய பேச்சு, உங்களுக்கு வெற்றுத் திரைதான் தெரியும்.

இன்னொன்று. புது வழி திறந்தவுடன் அவுட்பாக்ஸில் தேங்கியிருப்பது எல்லாம் ஒரே பாய்ச்சலாகப் போகும். வேண்டாததை முதலில் அழித்துவிடுங்கள்.

கீழக்கரை காக்கா, புதன் காலை 11.15

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் போகாத மெயில்தான், ஆனால் போனில். ஜிமெயில் ஆப். துபாயில் இருக்கிற மகனுக்குப் பத்திரத்தின் நகலை அனுப்பினால் வரிசையில் இருக்கிறது என்றே நாள் முழுக்கக் காட்டுகிறது. வருகிற மெயிலும் இரண்டு நாளாக இல்லை. போர்ட் மாற்ற எனக்கு இடம் எதுவும் தெரியவில்லை.

ராம்நாட் பிரவுசிங், புதன் காலை 11.40

காக்கா, உங்களுக்குப் போர்ட் விவகாரமே கிடையாது, ஆப் தானே பார்த்துக்கொள்ளும். வரவும் இல்லை, போகவும் இல்லை என்றீர்களே, அதுதான் துப்பு. மெயில், போட்டோ, டிரைவ் மூன்றுக்கும் சேர்த்து இலவச இடம் 15 ஜிபிதான். அது நிரம்பிவிட்டால் அனுப்பவும் முடியாது, வாங்கவும் முடியாது. ஆப்பின் வலது மூலையில் உங்கள் படத்தைத் தொட்டுப் பாருங்கள், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும்.

கீழக்கரை காக்கா, புதன் மதியம் 12.10

100 சதவீதம் என்று சிவப்பில் இருக்கிறது. மகள் கல்யாண வீடியோ முழுக்க அதில் ஏறியிருக்கிறது போலும். அதை அழித்தால் வீட்டில் சோறு கிடைக்காது.

ராம்நாட் பிரவுசிங், புதன் மதியம் 12.14

அழிக்க வேண்டாம், ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, அது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் அழியுங்கள். குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும், அதில் கிடப்பதும் கணக்கில் வரும்.

வாடிக்காரன் (மண்டபம்), புதன் மாலை 6.45

பாம்பன் அண்ணன் சொன்னபடி சோதித்தேன். 25-க்குப் பதிலே இல்லை. 587-க்கு 220 என்று வந்தது! போர்ட்டை மாற்றினேன், டிக்கும் போட்டேன். அவுட்பாக்ஸைக் காலி செய்யத்தான் நினைத்தேன், அதற்குள் லோடு வண்டி வந்துவிட்டது.

இப்போது வேறு தொல்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தினால், சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை, தொடரலாமா என்று கேட்கிறது. திரையைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

மதுரைக்குப் போனவன், புதன் மாலை 6.58

ஆம் என்று அழுத்திவிட்டுப் போங்கள். நான் இரண்டு வருஷமாக அழுத்துகிறேன்.

உச்சிப்புளிக்காரன், புதன் இரவு 7.30

அழுத்தாதீர்கள். சான்றிதழ் என்பது அந்தப் பக்கம் இருப்பது உண்மையிலேயே உங்கள் சர்வர்தான் என்பதற்கான அத்தாட்சி. அதைப் பார்க்காமல் ஆம் என்றால் உங்கள் பாஸ்வேர்டை யார் கையில் கொடுக்கிறீர்கள் என்று தெரியாது. மதுரைக்காரரே, உங்களிடம் வீட்டு முகவரி கேட்டால் கொடுப்பீர்களா?

இதற்கு வழக்கமாக மூன்று காரணம் இருக்கும். சர்வர் பெயரை நீங்கள் போட்டிருப்பது ஒன்று, சான்றிதழில் இருப்பது ஒன்று. அல்லது சான்றிதழ் உண்மையிலேயே காலாவதி. மூன்றாவது…

தொண்டி டீச்சர், புதன் இரவு 7.33

மூன்றாவதை நான் சொல்கிறேன் சார். படத்தின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். தேதி 1-1-2015 என்று இருக்கிறது.

உச்சிப்புளிக்காரன், புதன் இரவு 7.35

டீச்சர் கண் டீச்சர் கண்தான். நான் பெட்டியை மட்டும் பார்த்தேன்.

வாடிக்காரரே, உங்கள் கம்ப்யூட்டர் 2015-இல் இருக்கிறது. சர்வரின் சான்றிதழ் சில மாதங்களுக்கு முன் கொடுத்ததாக இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் கணக்கில் அது இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் நம்ப மறுக்கிறது.

வாடிக்காரன் (மண்டபம்), புதன் இரவு 8.10

தேதி தினமும் காலையில் இப்படித்தான் ஓடிப்போய்விடும். பில் போடும்போது மட்டும் கையால் திருத்துவோம். அதனால்தான் என்றால் இத்தனை நாள் எப்படி மெயில் போனது? வருகிற மெயில் இப்போதும் எப்படி வருகிறது?

பாம்பன் கிழக்கு, புதன் இரவு 8.26

நல்ல கேள்வி. 25-உம் 110-உம் உங்களிடம் பூட்டில்லாமல் ஓடியிருக்கின்றன. பூட்டு இல்லாத இடத்தில் சான்றிதழை யாரும் கேட்பதில்லை, அதனால் தேதி எதுவாக இருந்தாலும் கவலை இல்லை. இப்போது முதல் தடவையாகப் பூட்டு போட்டீர்கள், கதவு தேதி கேட்கிறது. இதில் இன்னொரு சங்கதி, இத்தனை வருஷம் உங்கள் பாஸ்வேர்ட் திறந்த கடிதமாகப் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, உள்ளே வருவதையும் பூட்டுள்ள வாசலான 995-க்கு மாற்றுங்கள்.

ஆமாம், பிரவுசரில் வெப்சைட் திறக்கிறதா? 2015-இல் இருந்தால் பாதி திறக்காதே?

வாடிக்காரன் (மண்டபம்), புதன் இரவு 8.31

எதுவுமே திறக்காது. வைரஸ் என்று நினைத்து விட்டுவிட்டோம். எல்லாம் போனில்தான் பார்ப்பேன்.

பாம்பன் கிழக்கு, புதன் இரவு 8.44

ராத்திரி வாடியைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைப்பீர்கள், இல்லையா? மின்சாரம் இல்லாதபோது கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கிற காசு அளவு பேட்டரி. அது செத்தால் காலையில் தேதி தொடக்கத்துக்குப் போய்விடும். விண்டோஸ் தானாகவே இன்டர்நெட்டில் நேரம் பார்த்துக்கொள்ளும், ஆனால் வருஷக்கணக்கில் விலகியிருந்தால் அது கை வைக்காது.

மூடியைக் கழற்றுங்கள், 2032 என்று எண் போட்ட வட்ட பேட்டரி. மாற்றும்போது அது உட்கார்ந்திருக்கிற பிடியையும் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கிற இந்த மாதங்களில் உப்பு எங்கேயும் நுழையும். என் கடையில் பிடியே பச்சையாகப் பூத்திருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தேன், பேட்டரியைவிட அதுதான் காரணம்.

தொண்டி டீச்சர், புதன் இரவு 9.15

கண்ணுக்குப் பரிசாக என் சந்தேகத்தையும் தீருங்கள். எங்கள் பள்ளி மெயில் சர்வரில் ஒரு மெயிலுக்கு 25 எம்பி வரம்பு. ஆண்டு விழாப் படங்கள் 22 எம்பிதான். ஆனால் 552 என்று திருப்புகிறது. கணக்கு டீச்சருக்கே கணக்கு உதைக்கிறது.

ராம்நாட் பிரவுசிங், புதன் இரவு 9.29

அக்கா, கணக்கு உதைக்கவில்லை. மெயில் பிறந்தபோது எழுத்து மட்டும்தான் கொண்டு போகும். படத்தை அனுப்ப அதை எழுத்தாக மாற்ற வேண்டும். அந்த முறையில் 3 பைட் 4 எழுத்தாகும். 22-ஐ 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுங்கள்.

தொண்டி டீச்சர், புதன் இரவு 9.31

29-க்கு மேல். அப்படியானால் 18 எம்பிக்குள் வைத்துக்கொண்டால் போதும். கருவாட்டைத் தண்ணீரில் போட்டால் ஊதுகிற மாதிரி இருக்கிறது.

வாடிக்காரன் (மண்டபம்), வியாழன் மாலை 5.20

பேட்டரி மாற்றியாயிற்று. ராமநாதபுரம் போய் வாங்கி வந்தேன், பேட்டரி விலையைவிட பஸ் டிக்கெட் அதிகம். பிடி பச்சை இல்லை, வெள்ளையாகப் பூத்திருந்தது. தேதி நிற்கிறது. சான்றிதழ்ப் பெட்டி வரவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் அவுட்பாக்ஸ் காலி!

சந்தோஷம் பத்து நிமிடம்தான். அவுட்பாக்ஸை அழிக்க மறந்துவிட்டேன். ஆறு நாளாக அழுத்தியது எல்லாம் சேர்ந்து போயிருக்கிறது. சென்னைக்காரர் போன் போட்டு, ஒரே பில்லை ஆறு தடவை அனுப்பியிருக்கிறீர்களே, ஆறு லோடு வருகிறதா என்று கேட்கிறார்.

தூத்துக்குடிக்காரருக்குப் போனது ஐந்து. ஐந்தும் திரும்பி வந்துவிட்டது. அவருடையது ஜிமெயில். 550, அதன் பக்கத்தில் 5.7.26 என்று இருக்கிறது.

உச்சிப்புளிக்காரன், வியாழன் மாலை 6.02

வாழ்த்துகள், இரண்டாவது கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். பாலம் தாண்டியாயிற்று, தீவில் தகராறு.

இந்த மூன்று இலக்க எண்களை ஒருமுறை புரிந்துகொண்டால் ஆயுசுக்கும் உதவும். 4-இல் தொடங்கினால் இப்போது முடியாது, அப்புறம் வா என்கிறது. உங்கள் சர்வர் தானாகவே மறுபடி முயலும், நீங்கள் சும்மா இருக்கலாம். 5-இல் தொடங்கினால் தீர்மானமான மறுப்பு. எதையாவது திருத்தாமல் நூறு தடவை அனுப்பினாலும் நூறு தடவையும் திரும்பும். 535 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தப்பு. 552 என்றால், டீச்சர் பார்த்தாரே, அளவு மீறல் அல்லது பெட்டி நிறைந்தது. 550 கொஞ்சம் பொதுவான வசை, அதனால் பக்கத்தில் இருக்கிற புள்ளி வைத்த எண்ணைப் படிக்க வேண்டும். 5.7.26 என்பது, இந்தப் பெயரில் அனுப்ப இவருக்கு உரிமை இருக்கிறதா என்று என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை என்று ஜிமெயில் சொல்வது.

விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் கொடுக்கிறது அல்லவா? அது மாதிரி ஒரு டோக்கன் உங்கள் டொமைனுக்கும் வேண்டும். எஸ்பிஎஃப் என்று பெயர். எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இந்த இந்த சர்வருக்குத்தான் அனுமதி என்று டொமைனின் டிஎன்எஸ்-ஸில், அதாவது யாரும் பார்க்கக்கூடிய அதன் பதிவேட்டில், ஒரு வரி எழுதி வைப்பது. டிகிம் இன்னொன்று, அது ஒவ்வொரு மெயிலிலும் சர்வர் வைக்கிற முத்திரை. இரண்டில் ஒன்றாவது எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்பது ஜிமெயிலின் விதி. நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிற பெரிய ஆட்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து இரண்டும் வேண்டும், கூடவே டிமார்க் என்று மூன்றாவதும், அது இந்தச் சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்கிற வரி.

உங்கள் ஹோஸ்டிங்கை யாராவது சமீபத்தில் கை வைத்தார்களா?

வாடிக்காரன் (மண்டபம்), வியாழன் இரவு 7.15

மறுபடியும் தடைக்காலத்தில்தான். வெப்சைட் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். போட்டும் கொடுத்தார். மெயிலுக்கும் ஏதோ சேர்த்திருக்கிறேன் என்றார். இப்போது போனை எடுக்க மாட்டேன் என்கிறார். டொமைன் பக்கத்தின் பாஸ்வேர்ட் என்னிடம் இருக்கிறது. உள்ளே போய்ப் படம் எடுத்துப் போடுகிறேன்.

பாம்பன் கிழக்கு, வியாழன் இரவு 7.50

பார்த்தேன். எஸ்பிஎஃப் இல்லாமல் இல்லை, இரண்டு இருக்கிறது. பழைய வரி மெயில் சர்வருக்கு அனுமதி தருகிறது. புதியவர் வெப்சைட் சர்வருக்கு அனுமதி தர, பழையதைத் திருத்தாமல் பக்கத்திலேயே இன்னொரு வரி எழுதிவிட்டார். ஒரு டொமைனுக்கு ஒரே ஓர் எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் எதை நம்புவது என்று பார்க்க மாட்டார்கள், இரண்டையும் செல்லாது என்று தள்ளிவிடுவார்கள். சென்னைக்காரரின் சர்வர் அதைக் கண்டுகொள்ளவில்லை, ஜிமெயில் கண்டுகொண்டது.

இரண்டையும் ஒரே வரியாக்க வேண்டும். தொடக்கத்தில் இருக்கிற பதிப்புச் சொல் ஒரு தடவை. பிறகு பழைய வரியின் சர்வர், அதற்குப் பக்கத்தில் புதிய வரியின் சர்வர். கடைசியில் மற்ற எல்லோரும் கூடாது என்கிற சொல் ஒரு தடவை. இரண்டாவது வரியை முழுசாக நீக்கிவிடுங்கள். திருத்திய வரியை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பினால் சரிபார்த்துச் சொல்கிறேன்.

மதுரைக்குப் போனவன், வியாழன் இரவு 8.05

இவ்வளவு எதற்கு? அவருக்கு ஒரு ஜிமெயில் தொடங்கி அதை அவுட்லுக்கில் போட்டு, பாதுகாப்புக் குறைந்த ஆப்களை அனுமதி என்ற இடத்தில் ஆம் என்று வைத்தால் முடிந்தது.

ராம்நாட் பிரவுசிங், வியாழன் இரவு 8.17

தம்பி, அந்தப் பொத்தான் 2022 மே 30-லேயே போய்விட்டது. பழைய மெயில் நிரலில் ஜிமெயிலைப் போட வேண்டுமானால் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, ஆப் பாஸ்வேர்ட் என்று 16 எழுத்தில் ஒன்று வாங்க வேண்டும். வழக்கமான பாஸ்வேர்டைப் போட்டால் மறுப்புதான் வரும். அதோடு, வாங்குகிறவர்களுக்குக் கடைப் பெயரில் மெயில் போய்ப் பழகியிருக்கிறது. பில்லில் வங்கிக் கணக்கு எண் இருக்கும். திடீரென்று வேறு முகவரியிலிருந்து பில் வந்தால் பணம் போடுகிறவர் போடுவாரா? நான் என்றால் போட மாட்டேன்.

மதுரைக்குப் போனவன், வியாழன் இரவு 8.20

அது சரி. இதை ஒத்துக்கொள்கிறேன். சான்றிதழ்ப் பெட்டியையும் இன்று பார்த்தேன், என் சர்வர் பெயரைத் தப்பாகப் போட்டிருந்திருக்கிறேன். இரண்டு வருஷம்.

வாடிக்காரன் (மண்டபம்), வெள்ளி காலை 10.30

நேற்று இரவு வரியைத் திருத்தினேன். உடனே அனுப்பிப் பார்த்தேன், மறுபடியும் அதே 5.7.26. தப்பாகத் திருத்திவிட்டேனோ?

பாம்பன் கிழக்கு, வெள்ளி காலை 10.41

இல்லை, இப்போது வெளியிலிருந்து பார்த்தேன், வரி சரியாக இருக்கிறது. பழைய வரியை உலகத்தில் பலர் நகல் எடுத்து வைத்திருப்பார்கள், அந்த நகல் காலாவதி ஆகிற வரை பழையதையே நம்புவார்கள். எவ்வளவு நேரம் என்பது அந்த வரிக்குப் பக்கத்தில் நொடிக் கணக்கில் இருக்கும். உங்களுடையது 14400, நான்கு மணி நேரம். நேற்று இரவு அனுப்பியது அதற்குள் போயிருக்கும். இப்போது அனுப்புங்கள். ஒரே ஒரு தடவை.

வாடிக்காரன் (மண்டபம்), வெள்ளி மதியம் 1.05

போய்விட்டது!!! தூத்துக்குடிக்காரர் பதிலே போட்டுவிட்டார். வாளைக்கு விலை அதிகம், கிலோவுக்குப் பத்து ரூபாய் குறையுங்கள் என்கிறார். இந்தப் பதிலுக்கா இத்தனை பாடு.

உச்சிப்புளிக்காரன், வெள்ளி மதியம் 1.20

அவரிடம் இன்னும் ஒரு வேலை வாங்குங்கள். ஜிமெயிலில் உங்கள் மெயிலைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, அசலைக் காட்டு என்பதை அழுத்தச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில்தான் அது இருக்கும். மேலே எஸ்பிஎஃப்-க்கு எதிரே தேர்ச்சி என்று இருக்கிறதா, டிகிம் என்ற வரி இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பட்டும். டிகிம் இல்லையென்றால் ஹோஸ்டிங் பக்கத்தில் ஒரு பொத்தானில் இயக்கலாம், அடுத்த தடைக்காலம் வரை காத்திருக்க வேண்டாம்.

கீழக்கரை காக்கா, வெள்ளி மாலை 4.50

எனக்கும் முடிந்தது. கல்யாண வீடியோ இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏறிவிட்டது, ஒன்று வீட்டில், ஒன்று மச்சான் வீட்டில். குப்பையைக் காலி செய்த கொஞ்ச நேரத்தில் பத்திரம் போனது. மகன் இன்னும் பார்க்கவில்லை, அது வேறு கதை.

வாடிக்காரன் (மண்டபம்), வெள்ளி மாலை 5.30

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், உள்ளே வருவதும் 995. டிகிம் இல்லை, இன்று இரவு உட்காருகிறேன்.

உதவிய எல்லோருக்கும் நெத்திலி ஒரு கிலோ, நல்ல மணல் படாத சரக்கு. தனிச்செய்தியில் முகவரி போடுங்கள். கூரியர்காரர் வாசனை பிடித்துத் திருப்பிவிடுவார் என்பதால் பஸ்ஸில்தான் அனுப்ப முடியும்.

உச்சிப்புளிக்காரன், வெள்ளி மாலை 5.42

உச்சிப்புளிக்குப் பஸ் எதற்கு? இப்போதுதான் புதுப் பாலத்தில் மறுபடியும் ரயில் ஓடுகிறதே. போட் மெயிலில் போடுங்கள், ஸ்டேஷனில் நிற்கிறேன்.